காலிஸ் என்றால் தண்டு

ஜூலை 6, ஞாயிறு

உரக்கடைக்காரர் வருஷப் பிறப்புக்குக் கொடுத்த டைரி இத்தனை நாளாகச் சும்மா கிடந்தது. இன்று முதல் எழுதப் போகிறேன். மன்னவனூர் தாண்டி இந்த மலைச்சரிவில் ஒரு பெரிய காரியம் நடக்கப்போகிறது. அதை எழுதி வைக்கத் தகுந்த ஆள் என்னைத் தவிர இங்கே யார்? எட்டாவது வரை படித்தவன் நான். எங்கள் காலத்து எட்டாவதில் பாதிப் பாடத்தை இப்போது காலேஜில்தான் நடத்துகிறார்களாம்.

காரியம் இதுதான். என் தங்கை குருவம்மாளுக்கு ஓடையோரம் கொஞ்சம் நிலம் உண்டு. அவள் புருஷன் இறந்தபின் அவள்தான் பாடுபடுகிறாள். நான் மேற்பார்வை. புருஷனின் தம்பி தங்கமாயன் அந்த நிலத்தைக் காட்டேஜ் கட்டக் கேட்கிறான், மிரட்டியும் பார்க்கிறான். அவனுடைய கண்ணாடிக் காட்டேஜ்கள் மேலே, என் பங்கு இருந்த இடத்தில், ஏற்கெனவே நிற்கின்றன. அந்த இடத்தை நான் பெரிய மனது பண்ணி அவனுக்கு விட்டுக்கொடுத்தேன். ஊரில் சீட்டாட்டம், அது இது என்று வேறு மாதிரி சொல்வார்கள். சொல்கிறவனுக்கு வாய் இருக்கிறது, சொல்கிறான்.

இன்று காலை ஊர்ப் பெரியவர் ஒச்சப்பனைக் கூட்டிக்கொண்டு தங்கமாயன் வந்தான். அவர் முன்னால் குருவம்மாள் சொன்னாள்:

"இந்த ஒரு வெள்ளாமை பாத்துக்கிறேன் கொழுந்தனாரே. ஆவணிக் கல்யாணத்துக்குப் பழனி சமையக்காரரு காலிபிளவரு கேட்டுருக்காரு. பூவு வந்துட்டா நெலம் எங்கிட்டயே இருக்கட்டும். வரலன்னா நீங்க சொல்ற எடத்துல கையெழுத்துப் போடுறேன்."

"பேச்சு மாறக் கூடாது மதினி. பெரியப்பா கேட்டுக்கிட்டிருக்காரு."

"மாற மாட்டேன்."

நாற்று எடுத்து வரும் பொறுப்பு எனக்கு. வேறு யாரை நம்பி அனுப்புவாள்?

ஜூலை 7, திங்கள்

கேரட் ஏற்றிப்போகும் டெம்போவில் கீழே இறங்கி, ஒட்டன்சத்திரம் பக்கம் நாற்றுப் பண்ணைக்குப் போனேன். முதலாளி ரத்தினகிரி என்னைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். (உட்காரப் போனவர் என்று டிரைவர் சொல்கிறான். அவன் பொறாமைக்காரன்.)

பச்சை வலைப் பந்தலுக்குள் குழித்தட்டுக் குழித்தட்டாக நாற்று. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூக்கோல், எல்லாம் இந்த வயதில் ஒரே முகம்தான், கூடப் பிறந்த பிள்ளைகள் மாதிரி. அதனால் ஒவ்வொரு வரிசைக்கும் பெயர் எழுதிய குச்சி நட்டு வைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"குச்சியெல்லாம் சின்னப் புள்ளைகளுக்கு. நான் எலையப் பாத்தே சொல்லுவேன்" என்றேன்.

"நெசமாவாண்ணே?" என்று ரத்தினகிரி கேட்டார். "அப்பக் குச்சியப் புடுங்கிருவமா?"

"புடுங்குங்க."

வேலைக்கார அம்மாக்கள் ஓடி ஓடிக் குச்சிகளைப் பிடுங்கினார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன். ஓர் இலையைத் தடவினேன். இன்னொன்றை முகர்ந்து பார்த்தேன். பிறகு ஒரு வரிசையைக் காட்டி, "இதான் காலிபிளவரு. ஏத்துங்கப்பா" என்றேன். ஒரே கைதட்டல். அந்த அம்மாக்கள் சந்தோஷம் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தே விட்டார்கள். அந்த நேரம் ரத்தினகிரிக்கு ஒரு போன் வந்து ஓரமாகப் போனார். அவர் திரும்புவதற்குள் தட்டெல்லாம் ஏறி, வண்டி கிளம்பிவிட்டது. மனுஷன் ரோடு வரைக்கும் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடி வந்தார். ஒரு வாடிக்கையாளருக்கு இப்படி ஒரு வழியனுப்பலை நான் கண்டதில்லை.

ஜூலை 8, செவ்வாய்

ரத்தினகிரியிடமிருந்து போன் மேல் போன். நல்ல ஆள் ஒருத்தன் கிடைத்துவிட்டால் இவர்கள் விடவே மாட்டார்கள். எடுக்கவில்லை.

ஜூலை 9, புதன்

நடவு. ஒரே பனிமூட்டம். கூலிக்குப் பேச்சியும் இன்னும் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். குருவம்மாள் தட்டிலிருந்து ஒரு நாற்றைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீயே பாத்து எடுத்தியாண்ணே?"

"பின்ன? பண்ணையே கைதட்டுச்சு." நடந்ததை விளக்கமாகச் சொன்னேன்.

அவள் குனிந்து அந்த நாற்றையே முதல் குழியில் வைத்து மண் அணைத்தாள். பேச்சி ஒரு நாற்றைத் தூக்கிக் காட்டி, "யக்கா, இது வந்து…" என்று ஆரம்பித்தாள்.

"பேசாம நடுடி" என்றாள் குருவம்மாள்.

நான் பக்கத்தில் நின்றால் வேலை இப்படித்தான், பேச்சே இல்லாமல் நடக்கும்.

ஜூலை 14, திங்கள்

விடியற்காலையில் தோட்டத்தில் காட்டுமாடு. ஒரு லாரி அளவு இருக்கும். நான் அதன் கண்ணை நேருக்கு நேர் பார்த்தேன். அது என் கண்ணைப் பார்த்தது. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு அதுதான் போனது. நான் அப்போது மோட்டார் ரூம் கூரைமேல் நின்றிருந்தேன் என்று குருவம்மாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உயரத்தில் நின்றால்தானே கண் தெரியும்?

ஜூலை 19, சனி

தங்கை மகள் நாகஜோதி திண்டுக்கல்லிலிருந்து வந்திருக்கிறாள். காலேஜில் தாவரவியல் படிக்கிறாள். பரீட்சையாம். அடுப்படி வாசலில் உட்கார்ந்து அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மாமா, சும்மா உக்காந்து கேளுங்க. ஆள் இருந்தாத்தான் எனக்கு ஞாபகம் நிக்கும். காலிஸ்னா லத்தீன்ல தண்டு."

"தெரியும்."

"லத்தீன்னா என்ன?"

"பாதிரியாருங்க பேசுறது. மேல சொல்லு."

அவள் சொன்னதை இங்கே குறித்து வைக்கிறேன், எனக்கு முன்பே தெரிந்ததுதான் என்றாலும். காலிஸ் என்றால் தண்டு. அதிலிருந்து வந்ததுதான் காலிஃபிளவர், தண்டின் பூ. கேல் என்று கொடைக்கானல் ஓட்டல்களில் ஒரு சுருட்டைக் கீரை கொடுக்கிறார்களே, அதுவும் அந்த வேர்தான். நூக்கோலுக்குக் கோல்ராபி என்று இன்னொரு பெயர் உண்டு, அந்தக் கோலும் அதுவேதான். தண்டின் மேலே முளைக்கும் இலைக்குக் காலைன் இலை என்று பெயர். பலா மாதிரி அடிமரத்திலேயே பூத்துக் காய்த்தால் காலிஃப்ளோரி. இலை காம்பில்லாமல் தண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தால் ஆம்ப்ளெக்ஸிகால். தண்டே வெளியில் தெரியாமல் இலையெல்லாம் தரையோடு கிடக்கும் செடி அகாலெசென்ட்.

"இதுல என்ன அதிசயம்?" என்றேன். "கோல்னா நம்ம பாசையிலயே குச்சி, கம்பு. வெள்ளக்காரன் நம்மகிட்டருந்து தூக்கிட்டுப் போயிட்டான்."

"இல்ல மாமா. நூக்கோலுங்கிறதே டச்சுக்காரங்க வார்த்தையிலருந்து நம்மகிட்ட வந்தது. நீங்க சொன்னத நான் பரீட்சையில எழுதினா நேரா வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

"அனுப்பட்டும். நான் வந்து பேசுறேன்."

சாயங்காலம் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்தவள் அம்மாவோடு ரகசியம் பேசிக்கொண்டிருந்தாள். நான் போனதும் இருவரும் நிறுத்திவிட்டார்கள். பெண்கள் விஷயம்.

ஜூலை 24, வியாழன்

ஓடைப் பாதையில் தங்கமாயனைப் பார்த்தேன். நான் காட்டேஜ் வழியாகப் போவதில்லை. ஓடை வழி சுற்றுதான், ஆனால் காற்று நன்றாக இருக்கும்.

"மச்சான், கீழயும் கட்டிட்டா உங்களுக்குத்தான் மேனேஜர் வேல" என்றான். "கேட்டுப் பக்கத்துலயே ஒரு ரூம்பு. யூனிபாரம் உண்டு. மதினிகிட்ட நீங்க ஒரு வார்த்த சொன்னா எல்லாம் சுளுவா முடிஞ்சிரும்."

விசிலும் கொடுப்பானாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மரியாதையைப் புரிந்துவைத்திருக்கிறான், அந்த மட்டில் சந்தோஷம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நாற்று நல்ல வளர்ச்சி. அடித்தண்டு கோலிக்குண்டு கணக்காகத் திரண்டிருக்கிறது. பூ பெரிதாக வரப்போகிறது என்றால் தண்டு முதலில் இப்படித் திரளும் என்று குருவம்மாளிடம் சொன்னேன்.

"சரிண்ணே" என்றாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மண் வளம் அதிகம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அடித்தண்டு எலுமிச்சை அளவு.

டீக்கடையில் பென்னி என்கிற கேரட் தரகன் எல்லோரும் கேட்க, "என்னண்ணே, ஒங்க காலிபிளவரு தரைக்கி மேல முட்டையிட்டுருக்காம்ல?" என்றான். இன்னொருவன், "பூ அடைகாத்துப் பொரிக்கணும்ப்பா, பொறு" என்றான். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே சிரித்ததில் பாதி கீழே போனது.

நான் விடவில்லை. "காலிஸ்னா என்னன்னு தெரியுமாடா? லத்தீன். தண்டு. காலிபிளவரும் தண்டு, நூக்கோலும் தண்டு. ஒரு வகுத்துப் புள்ளைக. மூத்தத கேட்டா எளையது வந்துருக்கு, அதுல என்ன சிரிப்பு? சிரிக்கிறவன் அத்தன பேரும் அகாலெசென்ட்."

கடை அமைதியாகிவிட்டது. இங்கிலீஷ் கெட்டவார்த்தை என்று நினைத்திருப்பார்கள். பென்னி மட்டும் மெதுவாகக் கேட்டான்: "அதெல்லாம் சரிண்ணே. பூவு வரலன்னா குருவம்மாக்கா கையெழுத்துப் போடணும்ல?"

டீ ஆறிவிட்டது. வைத்துவிட்டு வந்துவிட்டேன். ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வயிறு சரியில்லை. குருவம்மாள் முகத்தைப் பார்க்கக் கூடாது என்றெல்லாம் இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

யூனிபாரத்துக்கு அளவெடுக்கத் தங்கமாயன் தையல்காரனை அனுப்பினான். தோளில் சுளுக்கு என்று திருப்பி அனுப்பிவிட்டேன். நாற்றுப் பண்ணைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று ஊரில் நாலு பேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஏமாற்றியிருக்கலாம் அல்லவா?

ஆகஸ்ட் 15, வெள்ளி

எல்லாவற்றையும் எழுத வேண்டும். நிதானமாக எழுதுகிறேன்.

காலையிலேயே தங்கமாயன் வந்துவிட்டான். பெரியவர் ஒச்சப்பன், அளவு டேப்போடு ஒரு டவுன் ஆள். தங்கமாயன் நேராகத் தோட்டத்தில் இறங்கி ஒரு நூக்கோலைப் பிடுங்கி, மண்ணோடு பெரியவர் மடியில் வைத்தான்.

"இதான் காலிபிளவரா பெரியப்பா? நீங்களே சொல்லுங்க."

பெரியவர் அதை உருட்டிப் பார்த்தார். நான் முன்னால் போனேன். லத்தீனில் தொடங்கி, காலிஸ், கேல், கோல்ராபி என்று வரிசையாக எடுத்து வைத்து, ஒரே வம்சம் என்பதால் வாக்கு நிறைவேறிவிட்டது என்று நிரூபித்தேன். கோர்ட்டில் இப்படி யாரும் வாதாடியிருக்க மாட்டார்கள். டவுன் ஆள் டேப்பைச் சுருட்டிப் பையில் போடவே ஆரம்பித்தான்.

"பூவுன்னுதானப்பா பேச்சு?" என்றார் பெரியவர்.

"பண்ணைக்காரன் ஏமாத்திட்டான்" என்றேன்.

தங்கமாயன் சிரித்தான். போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். ரத்தினகிரி குரல்.

"ஏங்க, நான் எதுக்குங்க ஏமாத்துறேன்? அந்தண்ணன்தான் குச்சியெல்லாம் புடுங்கச் சொல்லிட்டு நூக்கோல் தட்டக் காட்டிட்டாரு. எங்க பொம்பளையாளுக சிரிச்ச சிரிப்புல ஒருத்திக்கு விக்கல் வந்துருச்சு. நான் போன் பேசிட்டுத் திரும்பினா வண்டி கெளம்பிருச்சு. ரோடு வரைக்கும் கத்திக்கிட்டே ஓடுனேங்க. அப்பறம் எத்தன தடவ போன் போட்டேன், எடுத்தாத்தான…"

மலையில் டவர் சரியாக இருக்காது. நடுநடுவே விட்டுவிட்டுக் கேட்டது. அவர் என்ன சொன்னார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் டவர் இருக்கும் திசையைப் பார்த்தேன்.

குருவம்மாள் அதுவரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்தாள். பெரியவர் மடியிலிருந்த நூக்கோலை எடுத்து முந்தானையால் மண்ணைத் துடைத்தாள்.

"எதுக்கு எங்கண்ணனப் போட்டுக் கொடையிறீக? நட்ட அன்னைக்கே எனக்குத் தெரியும். நாத்தக் கையில எடுத்ததுமே தெரியும்."

"தெரிஞ்சுமா நட்ட?" என்றார் பெரியவர்.

"தெரிஞ்சுதான் நட்டேன். நாலு பொம்பளைக முன்னால அவர நிக்க வச்சு, 'கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்துட்டு வா'ன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நூக்கோலு என்ன வெசமா? அதுவும் சாப்புடுற காய்தான்."

"அதெல்லாம் உங்க அண்ணன் தங்கச்சி பாடு" என்றான் தங்கமாயன். "கையெழுத்துக்கு என்ன சொல்றீக மதினி?"

"போட மாட்டேன்."

"வாக்குக் குடுத்திருக்கீக."

"குடுத்தேன். இப்ப எடுத்துக்கிட்டேன்."

ஒச்சப்பன் கம்பைத் தரையில் தட்டினார். "ஆத்தா, பெரிய மனுசன நடுவுல உக்கார வச்சுச் சொன்ன பேச்சு. ஊரு என்ன சொல்லும்?"

"வாக்கு மாறுனவள்னு சொல்லும். சொல்லட்டும் பெரியப்பா, நீங்களும் சொல்லுங்க. அன்னைக்கிப் பயத்துல குடுத்த வாக்கு அது. இன்னைக்கிப் பூவக் கேக்குறாரு, பூவு வந்திருந்தா அடுத்த வருசம் பிஞ்சுன்னு வருவாரு. எம்மகளுக்கு வாக்கு மாறுன அம்மாக்காரியா இருந்துட்டுப் போறேன். நெலமில்லாதவளா இருக்க மாட்டேன்."

அவள் குரல் நடுங்கவில்லை. எங்கள் குடும்பத்துக் குரல்.

தங்கமாயன் என் பக்கம் திரும்பினான். "மச்சான், நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க. உங்களுக்குப் பேசுன ரூம்பு ரெடியா இருக்கு. இல்லன்னா அதுவும் போயிரும்."

குருவம்மாள் என்னைப் பார்த்தாள். ரூம் விஷயம் அவளுக்குத் தெரியாது.

அந்த நேரத்தில் என்னென்னவோ சொல்லியிருக்கலாம். நான் தங்கமாயன் முன்னால் போய் நின்று, "மாப்ள, நீ ஒரு அகாலெசென்ட்" என்றேன்.

"என்ன சொல்றாரு இவரு?"

கதவோரம் நின்ற ஜோதி சொன்னாள்: "தண்டே இல்லாத செடி சித்தப்பா. தரையோட கெடக்கும்."

"ரூம்ப நீயே வச்சுக்க" என்றேன். "கேட்டுக்கும் நீயே நில்லு."

தங்கமாயனுக்கு முழங்கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கி, டவுன் ஆள் தாங்கிப் பிடித்துத்தான் வண்டியில் ஏற்றினான். (ஜோதி படித்துவிட்டு, "அவரு சாதாரணமாத்தான் நடந்து போனாரு மாமா" என்கிறாள். அவள் நின்ற இடத்திலிருந்து முழங்கால் தெரியாது.) வண்டியைக் கிளப்பும்போது, "எம் பாதையில ஒரு மூட்ட போகாது, பாத்துக்குங்க" என்று கத்திவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் 16, சனி

குருவம்மாள் ரூமைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன். விசிலைப் பற்றிச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

பழனி சமையல்காரரிடம் குருவம்மாள் நடவு முடிந்த கையோடு பேசிவிட்டாளாம். பாதியை அவர் குருமாவுக்கு எடுத்துக்கொள்கிறார். மீதி மார்க்கெட்டுக்கு. இதையெல்லாம் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ பூவுக்குக் காத்துக்கிட்டிருந்த" என்றாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அறுப்பு. காய் ஒவ்வொன்றும் பச்சைப்பசேலென்று, கையடக்கமாக, ஒரு வெடிப்பு இல்லாமல்.

மூட்டையெல்லாம் கட்டி வைத்தாயிற்று. சுமை ஏற்ற வேண்டிய குதிரைக்காரர் வரவில்லை. போனில், "எனக்குக் காட்டேஜுல தெனமும் சவாரி ஓடுதுக்கா, மன்னிச்சுக்க" என்றாராம். ஜீப் மேலே தார் ரோட்டில் நிற்கிறது. ஓடை வழியில் மழைக்கு மண் சரிந்து கிடக்கிறது. போக இருப்பது ஒரே வழி, காட்டேஜ் நடுவே போகும் பழைய பாதை. அதன் குறுக்கே தங்கமாயன் சங்கிலி கட்டி, தனியார் இடம் என்று போர்டு தொங்கவிட்டிருக்கிறான்.

"தலைச்சுமையாக் கொண்டு போவோம்" என்றாள் குருவம்மாள்.

பேச்சி சேலையை இழுத்துச் செருகினாள். ஜோதி காலேஜ் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டாள். மேற்பார்வைக்கு ஒரு ஆள் கீழே வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். குருவம்மாள் ஒரு சாக்கை என் பக்கம் நகர்த்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். பாதிச் சாக்கு. இருந்தாலும் சாக்கு.

மேலே போகப் போக மூச்சு வாங்கியது. சங்கிலிக்கு அந்தப் பக்கம் தங்கமாயன் நின்றிருந்தான். புதிதாக வைத்த கேட்டு ஆள், யூனிபாரத்தோடு, விசிலை ஊதினான். குருவம்மாள் நிற்கவில்லை. ஒரு கையால் சேலையைத் தூக்கிப் பிடித்து, சுமை அசையாமல் சங்கிலியைத் தாண்டினாள்.

"மதினி, கேஸ் போடுவேன்!"

"போடுங்க கொழுந்தனாரே. எனக்கு இன்னைக்கி வேல கெடக்கு."

பேச்சி தாண்டினாள். அவளுக்கு உயரம் போதாது, சங்கிலியைக் காலால் மிதித்து அமுக்கிக்கொண்டு தாண்டினாள். ஜோதி தாண்டினாள். காப்பி குடித்துக்கொண்டிருந்த சென்னைக்காரர்கள் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். அத்தனை கண் இருக்கும்போது தங்கமாயன் என்ன செய்வான்? பல்லைக் கடித்துக்கொண்டு ஒதுங்கினான்.

நானும் தாண்டினேன். வேட்டி மாட்டிக்கொண்டது, கேட்டு ஆளே எடுத்துவிட்டான்.

அந்தப் புல்தரையில் என் கால் பட்டு எத்தனையோ வருஷம். என் கிணறு இருந்த இடத்தில் ஊஞ்சல் கட்டியிருக்கிறான். பேரிக்காய் மரம் ஒன்றை மட்டும் வெட்டாமல் விட்டிருக்கிறான். நான் ஊஞ்சலைப் பார்க்கவில்லை, நேராகத்தான் நடந்தேன்.

குளிருக்குப் போர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண் போனை நீட்டிக்கொண்டு கூடவே வந்தாள். "ஐயா, இதெல்லாம் உங்க நிலமாங்க? ரொம்ப அழகா இருக்கு."

அப்படி ஒரு கேள்வியை என்னிடம் கேட்டால் சாதாரணமாக நான் விடமாட்டேன். கண்ணுக்கெட்டும் வரை கையை நீட்டியிருப்பேன். சாக்கு தலையில் இருந்ததால் கையை நீட்ட முடியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

"இது இல்லம்மா" என்றேன். "கீழ ஓடையோரம் தெரியுது பாருங்க, அது. என் தங்கச்சியோடது."

முன்னால் போன குருவம்மாள் நின்றாள். திரும்பவில்லை. பிறகு நடந்தாள்.

சாக்கை ஜீப்பில் இறக்கிவிட்டு அடுத்த நடைக்குக் கீழே இறங்கினேன். அதே வழியாகத்தான்.